குறை கேட்டல்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச வந்தால், நேரத்தின் அருமையைப் பற்றியோ, நூல் பயிலும் முறையைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. அவ்வாறு பேசி, எதிரே அமர்ந்திருப்பவர்களின் கொட்டாவிகளைப் பெற்றுக்கொண்ட பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் இன்று நான் பேச வந்த பொருள் வேறு. வீடு துடைக்கும் தொழிலைப் பற்றியும், அத்தொழிலில் வந்து சேரும் குறைகளைப் பற்றியும், அக்குறைகளைக் கேட்கும் வேலையில் நான் பட்ட பாட்டைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

இந்த வேலை எனக்கு வாய்த்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் நான் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் என் பழைய மாணவி ஒருவர் இருக்கிறார். பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர். மருத்துவமனை ஒன்றில் துப்புரவுப் பணிகளை மேற்பார்க்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, பின்னர் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வீடுகளைத் துப்புரவு செய்து கொடுக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். இன்று அவரிடம் பதினொரு பெண்களும் இரண்டு ஆண்களும் வேலை செய்கிறார்கள். புதிதாகக் குடிபுகும் வீடு, காலி செய்து ஒப்படைக்கும் வீடு, பொங்கலுக்கு முன் மேலிருந்து கீழ்வரை கழுவ வேண்டிய வீடு, முதியவர்கள் மட்டுமே இருந்து ஏணியில் ஏற ஆளில்லாத வீடு, இவையே அவருடைய வாடிக்கை.

ஒருநாள் மாலை அவர் என்னைக் காண வந்தார். "ஐயா, வேலை செய்ய என்னிடம் ஆள் இருக்கிறார்கள், திட்டு வாங்கத்தான் ஆள் இல்லை. தொலைபேசியில் ஒருவர் கோபமாகப் பேசினால் எனக்குக் கை நடுங்குகிறது. இல்லாவிட்டால் நானும் கோபமாகப் பேசிவிடுகிறேன். நீங்கள் காலையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, அழைப்பவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைத்தால் போதும்" என்றார். பெற்றோர்களிடம் ஆயுள் முழுதும் திட்டு வாங்கியவன் என்னும் என் தகுதியை அவர் மறக்கவில்லை போலும். ஒப்புக்கொண்டேன். அன்று முதல் ஒரு நீண்ட கணக்கு நோட்டு என் மேசைமீது இருக்கிறது. அதற்குக் குறையேடு என்று பெயர் வைத்தேன்.

வீடு துடைப்பதில் கற்க என்ன இருக்கிறது என்று நானும் முதலில் நினைத்தவன்தான். ஒரு வாரம் அவர்களோடு வீடுகளுக்குச் சென்று ஓரமாக நின்று பார்த்தேன். ஒட்டடைக் கோல் முதலில், விளக்குமாறு கடைசியில். கூரையின் ஒட்டடை, மின்விசிறியின் இறக்கை, அலமாரியின் மேற்புறம், சன்னல் கம்பி, கொசுவலை, பின்பே தரை. தூசி கீழ்நோக்கித்தான் விழும்; ஆகையால் வேலையும் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். தரையைத் துடைத்துவிட்டு மின்விசிறியைத் தொட்டவர் இரண்டு முறை தரையைத் துடைப்பார். அடுப்பங்கரைச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துப் போக்க முயல்பவர் கை வலிதான் காண்பார். சோப்பு நீரைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டவர் ஒரு துணியால் வழித்துவிடுவார். கழிவறைக்கு ஒரு நிறத் துணி, அடுப்பங்கரைக்கு ஒரு நிறத் துணி. இரண்டும் ஒரே வாளியில் அலசப்படக்கூடாது. மருத்துவமனையில் கற்ற பாடத்தை என் மாணவி இங்கே கொண்டு வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து துப்புரவு செய்து கொடுப்பதை ஒரு தொழிலாக்கிய பழைய கதை ஒன்றும் உண்டு. 1901-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் தூசியை உறிஞ்சும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த எந்திரம் வீட்டுக்குள் நுழையக்கூடியதன்று. குதிரை இழுக்கும் வண்டியில் அதனை ஏற்றித் தெருவில் நிறுத்திவிட்டு, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக உள்ளே விட்டுத் தூசியை இழுத்தார்கள். மறு ஆண்டு ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் விரிப்புகளைக்கூட அது துப்புரவு செய்தது. ஆனால் அதன் இரைச்சலில் தெருவில் சென்ற குதிரைகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் வழக்குக்கே போனார்கள். ஆக, இந்தத் தொழில் பிறந்தபோதே குறையும் உடன் பிறந்திருக்கிறது!

இனி என் குறையேட்டுக்கு வருகிறேன். அதில் ஆறு கட்டங்கள். நாள், பகுதி, வீட்டார் சொன்னது, நாங்கள் நேரில் கண்டது, செய்தது, முடிவு. இவற்றுள் மூன்றாவது கட்டத்தை நிரப்புவதற்குத்தான் நான் மிகவும் பழக வேண்டியிருந்தது. வீட்டார் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். முதல் மாதம் நான் எழுதியவற்றை இன்று புரட்டிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. 'சன்னல் சம்பந்தமாகச் சிறு அதிருப்தி' என்று எழுதியிருக்கிறேன். அந்த அம்மையார் சொன்னதோ, 'சன்னல் கண்ணாடியில் உள்பக்கம் துடைத்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் கைபடவேயில்லை' என்பது. என் வாக்கியத்தைப் படித்து எவரும் எந்த வேலையும் செய்ய முடியாது. அவருடைய வாக்கியத்தைப் படித்தால், ஏணியோடு போக வேண்டும் என்பது தெரியும்.

கேட்பதிலும் அப்படியே. ஒருவர் பேசத் தொடங்கிய நொடியிலேயே 'ஆனால்' என்னும் சொல் என் நாவில் வந்து நிற்கும். ஆசிரியர்களுக்கு இது தொழில் நோய். மாணவன் விடையை முடிப்பதற்குள் திருத்தத் தொடங்கிவிடுவோம் அல்லவா? ஆகவே, மறுமுனையில் இருப்பவர் நிறுத்தும் வரையில் எழுதிக்கொண்டே இருப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டேன். எழுதும் கை சும்மா இராததால் வாய் சும்மா இருந்தது. அவர் முடித்ததும் எழுதியதைப் படித்துக் காட்டுவேன். "இவ்வளவுதானே, அம்மா?" என்பேன். பாதிப் பேருக்குக் கோபம் அங்கேயே தணிந்துவிடும். பிறகு, இன்ன நாள் இத்தனை மணிக்கு வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட வேண்டும். 'விரைவில் வருகிறோம்' என்று சொல்வது இன்னொரு குறைக்கு அச்சாரம் கொடுப்பது.

குறைகளில் பெரும்பகுதி துடைப்பத்தால் வந்தவை அல்ல, பேச்சால் வந்தவை என்பதைச் சில மாதங்களில் கண்டுகொண்டேன். 'வீடு முழுவதும்' என்று பேசி விலை சொல்லியிருப்பார்கள். வீட்டாருக்கு 'முழுவதும்' என்றால் பரணும், அலமாரியின் உட்புறமும், குளிர்பதனப் பெட்டியின் அடியும் சேர்ந்தது. வேலைக்குச் சென்றவர்களுக்கோ சுவரும் தரையும் குளியலறையும்தான். "வீடு முழுவதும் என்றீர்களே, பரண் என்ன பக்கத்து வீட்டிலா இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் விடை இல்லை. அதன்பின் ஒரு தாள் அச்சிட்டோம். வேலையில் சேர்ந்தவை ஒரு பக்கம், சேராதவை மறுபக்கம். சதுர அடிக்கு இவ்வளவு என்று தொலைபேசியில் விலை சொல்வதையும் என் மாணவி நிறுத்திவிட்டார். பத்தாண்டுகள் எண்ணெய்ப் புகை படிந்த அறுநூறு சதுர அடி வீடு, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஆயிரத்தைந்நூறு சதுர அடி வீட்டைவிட அதிக வேலை வாங்கும். ஆகையால் நேரில் பார்த்த பிறகே விலை.

என் அறியாமையால் ஒரு வாடிக்கையாளரை இழந்த கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதிய அம்மையார் ஒருவர், "எல்லாம் செய்தார்கள்; ஆனால் வீடு துடைத்த வாசனையே இல்லையே" என்றார். அவர் எதிர்பார்த்தது பினாயில் வாசனை. சுத்தத்துக்கு வாசனை கிடையாது என்றும், வாசனை என்பது வேறொரு பொருள் அங்கே எஞ்சியிருப்பதற்கு அடையாளம் என்றும், மூக்கை நம்பக்கூடாது என்றும் நான் விளக்கினேன். விளக்கம் சரியானதே. அவர் அதன்பின் அழைக்கவே இல்லை. "ஐயா, அவர்களுக்கு நீங்கள் பாடம் நடத்திவிட்டீர்கள்" என்றார் என் மாணவி. இரண்டு மூடிப் பினாயிலில் முடிந்திருக்க வேண்டிய காரியம். அவ்வாறே, ஒரு வார்த்தையும் சொல்லாமல், பணத்தைக் கொடுத்துவிட்டு, மறுமுறை வேறு ஆளைத் தேடிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பர். அவர்கள் என் ஏட்டில் இல்லை. கோபமாக அழைக்கிறவர் இன்னும் நம்மோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை என்று எண்ணி, அவருடைய அழைப்பை நான் வரவேற்கப் பழகினேன். எளிதாக வந்த பழக்கம் அன்று அது.

அறிவியல் பயிலும் மாணவர்களுக்காக இரண்டு நிகழ்ச்சிகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் அடுப்பு மேடை கடப்பைக் கல்லால் ஆனது. கண்ணாடிபோல் கறுத்து மின்னும் கல். எங்கள் பணியாளர் ஒருவர், குளியலறை ஓடுகளில் இருந்த உப்புக்கறையைப் போக்கிய அதே ஆசிட்டை அந்த மேடையிலும் ஊற்றித் தேய்த்துவிட்டார். மேடை முழுவதும் வெளிறிச் சாம்பல் பூத்துவிட்டது. வீட்டுக்காரர் தொலைபேசியில் கத்தினார். கத்துவதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. கடப்பைக் கல் என்பது சுண்ணாம்புக்கல் வகை, கால்சியம் கார்பனேட்டு. அமிலம் பட்டால் அது கரையும், கார்பன் டை ஆக்சைடு வாயு நுரைக்கும். குழாயிலும் ஓட்டிலும் படிந்த உப்புக்கறையிலும் பெரும்பகுதி அதே கால்சியம் கார்பனேட்டுதான். எனவே எது கறையைக் கரைக்குமோ அதுவே கல்லையும் கரைக்கும்! பளிங்குத் தரைக்கும், பளிங்குச் சில்லுகள் பதித்த மொசைக் தரைக்கும், ஆத்தங்குடி ஓடு போன்ற சிமெண்டு ஓடுகளுக்கும் இதே விதி. கிரானைட்டு வேறு வகைக் கல். அது இப்படிக் கரைவதில்லை. பார்வைக்கு இரண்டும் கறுப்பே. வேலை செய்கிறவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாலன்றி எப்படித் தெரியும்?

அந்தக் கல்லை மீண்டும் மெருகேற்ற ஒரு கல் வேலைக்காரரை அமர்த்தினோம். செலவு யாருடையது என்னும் கேள்வி எழுந்தது. அந்தப் பெண்ணின் கூலியில் மாதந்தோறும் சிறிது பிடித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நடத்தாத பாடத்தில் தேர்வு வைத்து மதிப்பெண்ணைக் குறைப்பது எந்தப் பள்ளியில் உண்டு என்று கேட்டேன். என் மாணவியும் அதனை ஏற்றுக்கொண்டார். முழுச் செலவையும் தொழிலே ஏற்றது. அம்மாத ஆதாயம் அதில் போயிற்று. வீட்டுக்காரரிடம், தவறு எங்களுடையது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னோம். அவர் அதன்பின் இரண்டு வீடுகளை எங்களுக்குச் சொல்லி அனுப்பினார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. 'குளியலறை வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்' என்று ஒரு குறை வந்தது. அவர் சொன்னபடியே எழுதினேன். விசாரித்தபோது தெரிந்தது இது. பிளீச்சிங் பவுடர் என்று கடையில் விற்கும் சலவைத்தூளைத் தரையில் தூவிவிட்டு, கறை போகவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறார் புதிதாகச் சேர்ந்த பெண். சிறிய சன்னல், அதுவும் மூடியிருந்தது. குளோரின் வாயு கிளம்பிவிட்டது. அவர் மூச்சுத் திணறி இருமியதைக் கேட்டு, உடன் வந்த பெண் அவரை வெளியே இழுத்து வந்து, தானியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கிறார். வேலை பாதியில் நின்றதற்குக் காரணம் இதுவே. இரண்டு நாட்களில் அவர் நலமாகிவிட்டார் என்பது எங்கள் நல்லகாலம்.

சலவைத்தூளோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் குளோரின் வரும் என்னும் சமன்பாட்டை நான் எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! 1774-ஆம் ஆண்டில் ஷீலே அந்த வாயுவை உண்டாக்கியதையும், 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தில் ஈப்ர் நகரருகே அதனைப் போர்க்களத்தில் திறந்துவிட்டதையும் கதைபோலச் சொல்லியிருக்கிறேன். என் மாணவி அச்சமன்பாட்டை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர். ஆனால் கடையில் விற்கும் கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது அந்த அமிலமே என்பதையும், குளியலறை மூலையில் அந்தப் புட்டியும் சலவைத்தூள் பொட்டலமும் அருகருகே இருக்கும் என்பதையும் வகுப்பில் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. எனவே தரையை ஒட்டித்தான் நிற்கும். குந்தி அமர்ந்து தரையைத் தேய்க்கிறவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. இதுவும் என் பாடக்குறிப்பில் இருந்ததில்லை. இப்போது அவர்களுடைய பையில் இரண்டு பொருள்களும் சேர்ந்து இருப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று கேட்காமல் எதையும் திறப்பதும் இல்லை.

சட்டம் பயில விரும்புவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. கட்டணம் பெற்றுக்கொண்டு இத்தகைய சேவையை நடத்துகிறவர் குறைபாடாகச் செய்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு. ஆனால் மாதச் சம்பளத்துக்கு உங்கள் வீட்டில் நேரடியாக வேலை செய்யும் ஓர் அம்மையார் மீது அப்படிச் செல்ல இயலாது. அது தனிப்பட்ட ஊழியம் என்று சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. இதனை நான் படித்துத் தெரிந்துகொண்டது, ஒருவர் தொலைபேசியில் என்னை ஆணையத்துக்கு இழுப்பதாகச் சொன்ன அன்று இரவு. மறுநாள் அவரை அழைத்து, அவருக்கு அவ்வுரிமை உண்டு என்றே சொன்னேன். அதன்பின் அவர் அமைதியாகக் கொசுவலையைப் பற்றிப் பேசினார்.

குறையேட்டின் பின்பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் குறைகள் இருக்கும். அவை பணியாளர்களுடையவை. இது முதலில் எங்கள் திட்டத்தில் இல்லை. ஒருநாள் ஒரு பெண், "ஐயா, அவர்கள் சொன்னதை மட்டும்தான் எழுதுவீர்களா?" என்று கேட்டார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பி அவருடைய குறையை எழுதினேன். காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரையில் ஒரு வீட்டில் வேலை செய்திருக்கிறார். அவ்வீட்டின் மூன்று கழிவறைகளையும் அவரே கழுவியிருக்கிறார். அவற்றுள் ஒன்றைத் தாம் பயன்படுத்தலாமா என்று கேட்டதற்கு, கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. குடிநீரைத் தனிக் குவளையில் கொடுப்பதும், மின்தூக்கியில் ஏறக்கூடாது என்பதும் அப்பக்கங்களில் அடுத்தடுத்து வந்தன. வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டில் நலவாரியம் அமைந்தது; 2011-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு அவர்களுடைய உரிமைக்காக 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அவை பெரிய காரியங்களே. ஆனால் அந்த மூன்று கழிவறைகளின் கதவு அவற்றால் திறக்கவில்லை. அச்சிட்ட தாளில், வேலைக்கு வருகிறவர்களுக்குக் குடிநீரும் கழிவறை வசதியும் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன வீடுகள் ஏழு. அவற்றை விட்டுவிட்டோம்.

வீட்டார் முன்னிலையில் பணியாளரைக் கடிந்து பேசுவதில்லை என்பது என் மாணவி வைத்த விதி. குறையிருந்தால் அதே பணியாளரைத் தாமே அழைத்துச் சென்று, இருவருமாகச் சரிசெய்துவிட்டு, வெளியே வந்த பின்பே பேசுவார். காலை வணக்கக் கூட்டத்தில் எல்லாரும் கேட்கப் பையன்களைப் பெயர் சொல்லித் திட்டிப் பழகிய எனக்கு, இது புதுமையாக இருந்தது.

கடைசியாக ஒரு குறை. சென்ற ஆண்டு ஆடி மாதம், ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து காலை எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. முதல் நாள் வேலை முடிந்து போன பிறகு, மேசை மேல் இருந்த ஒரு தங்கத் தோட்டைக் காணவில்லை. மகளுக்கு மாமியார் வீட்டில் போட்ட தோடு. அந்த அம்மையார் கோபப்படவில்லை; அழுதார். "உங்கள் ஆள் ஒருவர்தான் அந்த அறைக்குள் போனார்" என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன். என் மாணவியும், அந்தப் பணியாளரும், நானும் உடனே சென்றோம்.

பணியாளர் நாற்பத்தைந்து வயதுப் பெண். நான்காண்டுகளாக எங்களிடம் வேலை செய்கிறவர். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, தோளிலிருந்த பையைக் கழற்றி என்முன் நீட்டினார். "திறந்து பாருங்கள், ஐயா" என்றார். வீட்டார் நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நண்பர்களே, அந்தப் பையைக் கண்டதும் எனக்கு வேறொரு பை நினைவுக்கு வந்தது. நான் ஆசிரியனாகி ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனுடைய ஜாமெட்ரி பெட்டி காணாமற்போயிற்று. இன்னொரு பையன்மேல் எல்லாரும் கைகாட்டினார்கள். ஏழைப் பையன். வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, அவனுடைய பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினேன். இரண்டு நோட்டுகளும், ஒரு தகரத் தூக்குச் சட்டியும், மடித்து வைத்த ஒரு பழைய சட்டையும் விழுந்தன. பெட்டி இல்லை. மறுநாள், அது வீட்டிலேயே இருந்தது என்று உடைமைக்காரன் கொண்டு வந்தான். பைக்குரியவன் அந்த வாரத்தோடு பள்ளியை விட்டுப் போய்விட்டான். அவன் வீட்டுக்கு நான் சென்றபோது குடும்பத்தோடு வேற்றூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவனுடைய பெயர் எனக்கு மறக்கவில்லை, இங்கே சொல்லப்போவதில்லை.

"பையை மாட்டிக்கொள்ளுங்கள், அம்மா" என்றேன். குரல் எனக்கே சரியாக எழவில்லை. என் மாணவிதான் பேசினார். "அம்மா, உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. தோடு எப்போது கடைசியாகக் கண்ணில் பட்டது, எங்கெங்கே தேடினீர்கள் என்று சொல்லுங்கள். நாங்களும் உடனிருந்து தேடுகிறோம். நேற்றுக் கூட்டிய குப்பையை இங்கேயே கட்டி வைத்துவிட்டுத்தான் போனோம். அதையும் கொட்டிப் பார்ப்போம். உங்களுக்கு இவர்மேல் ஐயம் இருந்தால், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது உங்கள் உரிமை; இவரை நானே அழைத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் இவரை நாங்கள் சோதிக்க மாட்டோம், நீங்களும் சோதிக்கக்கூடாது" என்றார். ஒரு பெண்ணைச் சோதிக்க வேண்டுமாயின் பெண்ணொருவரே, கண்ணியம் குன்றாமல் செய்ய வேண்டும் என்று காவல்துறைக்கே சட்டம் வரம்பு கட்டியிருக்கும்போது, நாம் யார்?

பழைய செய்தித்தாளை விரித்து, குப்பையைக் கொட்டி, ஐந்து பேரும் தரையில் அமர்ந்து விரலால் அளைந்தோம். வாஷ்பேசின் அடியில் இருந்த வளைகுழாயைக் கழற்றிப் பார்த்தோம். கட்டிலை நகர்த்தினோம். மூன்று மணி நேரம் ஆயிற்று. தோடு கிடைக்கவில்லை.

அவர்கள் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. ஆனால் அந்த அடுக்குமாடியில் எங்களுக்கு இருந்த மற்ற நான்கு வீடுகளும் அடுத்த மாதமே நின்றுபோயின. ஒருவரும் காரணம் சொல்லவில்லை. இனி வேலைக்குச் செல்பவர்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படியான பையைக் கொண்டு செல்லலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். "அப்படியானால் நாங்கள் திருடுவோம் என்று நாமே எழுதி நெற்றியில் ஒட்டிக்கொள்கிறோமா, ஐயா?" என்று அந்தப் பணியாளர் கேட்டார். யோசனையை விட்டுவிட்டேன். இப்போது வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் வீட்டார் ஒருவர் எங்களோடு அறை அறையாகச் சுற்றி வரவேண்டும் என்றும், நகையும் பணமும் முன்னதாகவே பூட்டப்பட வேண்டும் என்றும் தாளில் சேர்த்திருக்கிறோம். அவ்வாறு சுற்றி வரச் சிலர் சலித்துக்கொள்கிறார்கள்.

அந்த அம்மையார் இன்றும் வேலைக்கு வருகிறார். காலையில் என் வீட்டு வாசலைக் கடக்கும்போது நின்று, "இன்றைக்கு என் பேரில் ஏதாவது வந்திருக்கிறதா, ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போவார். குறையேட்டில் அந்த வரிசையில், முடிவு என்னும் கட்டத்தில் நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. "கிடைக்கவில்லை என்று எழுதி முடித்துவிடலாமே, ஐயா" என்றார் என் மாணவி. சிறிது நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.